அப்பா கால் கழுவும் சத்தம்

சன்னிவேல், கலிபோர்னியா
9.10.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

மலர் எழுதுகிறேன். அப்பா போய்விட்டார் என்று நீங்கள் போனில் சொன்னபோது எனக்குப் பேச வரவில்லை. "ஹலோ, இருக்கியா? ஹலோ!" என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இருந்தேன் அண்ணா. போன் வயரைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றிருந்தேன். எனக்கு எழுத்தில்தான் வாய். அதுவும் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் படிவத்தோடு நின்றுபோன வாய்.

அப்பாவை நம்மிடம் கொடுக்காமலே அடக்கம் செய்துவிட்டார்கள் என்று பத்மராணி சித்தி சொன்னார். அம்மா சாப்பிடுகிறார்களா? நீங்கள் சாப்பிடுகிறீர்களா?

இங்கே சித்தி காலையில் வேலைக்குப் போனால் மாலையில்தான் வருவார். அதுவரை நானும், நான் பார்த்துக்கொள்ள வந்த அவருடைய இரட்டைப் பிள்ளைகளும்தான். சிரிக்காமல் படியுங்கள். பகலில் பிள்ளைகள் தூங்கும்போது குளியலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்கிறது. கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். போய்ப் பார்த்தால் மூடித்தான் இருக்கிறது. நீங்கள் போன் செய்த மறுநாள் இது தொடங்கியது.

அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தூரத்திலிருந்து,
மலர்

---

செந்தூல், கோலாலம்பூர்
24.10.1988

அன்புத் தங்கை மலருக்கு,

உன் சமையலைத் தின்றும் அந்த அமெரிக்கப் பிள்ளைகள் பிழைத்திருப்பது முருகன் செயல். குழாய்க்கு வாஷர் மாற்றச் சொல்.

போனில் சொல்ல முடியாததை எழுதுகிறேன். அப்பா ரயில் பட்டறையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். நான் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். மாரிமுத்து என்று யாரும் இல்லை என்றார்கள். அவர் உடலின் மேல் கட்டியிருந்த அட்டையில் அப்துல் ரஹீம் பின் அப்துல்லா என்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்பே மதம் மாறிப் பதிந்துகொண்டாராம். இஸ்லாமிய சமய இலாகாக்காரர்கள் பதிவைக் காட்டினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். பொழுது சாய்வதற்குள் அடக்கம் முடிந்தது.

அம்மா கருமாதி வைக்க மறுக்கிறார். "உடம்பைக் கண்ணால பாக்காம நான் எதுக்குடா பொட்டை அழிக்கணும்?" என்கிறார். தினமும் மதியம் சோறாக்கி அப்பாவின் டிபன் கேரியரில் போட்டு மூடி வைக்கிறார்.

வழக்குப் போடுகிறோம். அப்பாவைத் தோண்டி எடுத்து நம் முறைப்படி எரிக்க வேண்டும். இந்த வருடம் சட்டத்தைத் திருத்தி, ஷரியா நீதிமன்றத்துக்கு உரியதில் சிவில் நீதிமன்றம் தலையிடக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். இது எல்லோருக்கும் பொதுவான நாடா, ஒரு மதத்தின் நாடா என்று காப்பிக்கடை முழுக்க இதே பேச்சு. ஒரு மனிதன் யார் என்று சொல்ல அரசாங்கம் யார்? என்னோடு ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் ரஷீத், "மாறினது உங்கப்பா மனசு. அதை மதிக்க வேணாமா சேகர்?" என்று கேட்டான். நான் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

அப்பாவோடு அதிகம் இருந்தவள் நீதான். பள்ளிக்கூடம் நின்ற பிறகு பட்டறைக்குச் சோறு கொண்டுபோனதும் நீதான். அப்பா கடைசிவரை முருகனைத்தான் கும்பிட்டார், வேறு மதத்தைக் கடைப்பிடித்ததை நான் கண்டதில்லை என்று நீ சொன்னால் போதும். லாயர் தமிழில் தட்டச்சு செய்த சத்தியப் பிரமாணத் தாளை இதனுடன் வைத்திருக்கிறேன். அங்கே நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பு.

உன்னை நம்பி,
ஞானசேகரன்

---

சன்னிவேல்
13.11.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

தாள் கிடைத்தது. தலையணைக்கடியில் வைத்திருக்கிறேன். உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன்.

போன வருடம் அப்பா ஒரு மாதம் பகலில் சாப்பிடாமல் இருந்தாரே, நினைவிருக்கிறதா? எனக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று முருகனுக்கு விரதம் இருக்கிறார் என்று அம்மா வரிசை வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் பசி வந்தால் சாப்பிடட்டும் என்று என்னிடம் சோறு கொடுத்தனுப்புவார்கள். அது நோன்பு மாதம் அண்ணா. அப்பா கேரியரை என்னிடமே தள்ளி, "நீ சாப்பிடும்மா. காலியா கொண்டு போ. இல்லாட்டி உங்கம்மா அழுவா" என்பார். நான் பட்டறை மதில் ஓரம் உட்கார்ந்து சாப்பிடுவேன். தொழுகைக்கு முன் அப்பா குழாயடிக்குப் போவார். முதலில் கை. வாய் கொப்பளிப்பார். மூக்கு, முகம், முழங்கை வரை. தலையைத் தடவிவிட்டு, கடைசியில் கால். அவசரமே இருக்காது.

"ஏம்ப்பா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டேன். "அங்க போய் நின்னா யாரும் என்னைத் தள்ளி நிக்கச் சொல்லல மலரு. தோளோட தோள் ஒட்டி நிக்கறாங்க" என்றார்.

ஆனால் இந்த வருடம் தைப்பூசத்தில் பால்குடமும் எடுத்தாரே! அதையும் கேட்டேன். "உங்கம்மா கூப்பிட்டா. வராம எப்படி இருக்கறது?" என்று சிரித்தார். நான் விமானம் ஏறும்போது நெற்றியில் விபூதி பூசினார். பூசும்போது வாயில் முணுமுணுத்தது முருகன் பெயர் இல்லை.

இங்கே குளியலறையில் கேட்பது அந்தச் சத்தம்தான். வரிசை மாறுவதில்லை. நேற்று சின்னவன் எழுந்து உட்கார்ந்து, "மலரக்கா, ஹூ இஸ் இன் த பாத்ரூம்?" என்று கேட்டான். அதனால் எனக்கு மட்டும் கேட்கும் சத்தம் இல்லை அது.

அந்தத் தாளில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

மலர்

---

செந்தூல்
30.11.1988

மலருக்கு,

உன் கடிதத்தைப் படித்துக் கிழித்துவிட்டேன். லாயருக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. தெரியவும் வேண்டாம்.

பால்குடம் எடுத்தது உண்மைதானே? விபூதி பூசியது உண்மைதானே? அதைச் சொல். மற்றதை நீ பார்க்கவில்லை. பதினாறு வயதுப் பெண், சோறு கொண்டு போனாய், வந்தாய், அவ்வளவுதான்.

இது நம் வீட்டுக் காரியம் மட்டும் இல்லை. நாளைக்கு இன்னொரு வீட்டு வாசலிலும் இதே பதிவோடு வந்து நிற்பார்கள். எங்கேயாவது ஓர் இடத்தில் நிறுத்த வேண்டும். அதை நீ நிறுத்தலாம். வாயைத் திறந்து பேசாத பிள்ளை நீ. இதிலும் அப்படியே இருந்துவிடு.

அம்மா இன்றைக்கும் கேரியரை நிரப்பினார். மாலையில் வாசல் நாய்க்குக் கொட்டினேன்.

ஜனவரிக்குள் தாள் வர வேண்டும்.

சேகரன்

---

சன்னிவேல்
18.12.1988

அன்புள்ள அண்ணனுக்கு,

தாளை அனுப்பியிருக்கிறேன். கோபப்படாமல் படியுங்கள்.

தியாகராஜா சித்தப்பாதான் நோட்டரியிடம் கூட்டிப்போனார். காரில் அவரும் உங்களைப் போலத்தான் பேசினார். "கையெழுத்தை வை பிள்ளை. எங்கட இலங்கையிலயும் ஒரு மதத்துக்கு முதலிடம் எண்டு சட்டத்தில எழுதினவங்கள். பிறகு பட்டது எங்களுக்குத் தெரியும். உன்ர கொண்ணன் கேக்கிறது நியாயம். சின்னப் பொய்தானே?" நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

நியாயம்தான் அண்ணா. அப்பா யார் என்று அவர்கள் சொல்லக் கூடாது. நாம் மட்டும் சொல்லலாமா என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"கண்டதில்லை" என்ற வரியை அடித்துவிட்டேன். அதன் கீழே என் கையெழுத்தில் இரண்டையும் எழுதினேன். குழாயடியையும் பால்குடத்தையும். நோட்டரி அம்மாவுக்குத் தமிழ் தெரியாது. "இது உண்மையா?" என்று மட்டும் கேட்டார். "எஸ்" என்றேன். இந்த ஊருக்கு வந்து வெளி ஆளிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மலர்

---

செந்தூல்
20.1.1989

மலருக்கு,

இந்தத் தாளை நீதிமன்றத்தில் கொடுக்க முடியாது. நீ இப்படி எழுதியது தெரிந்தும் வேறு தாள் தயாரிக்க மாட்டேன் என்று லாயர் சொல்லிவிட்டார்.

அம்மாவுக்கு அதை நானே படித்துக் காட்டினேன். கோபத்தில்தான் படித்தேன். அம்மா அழவில்லை. "அப்ப அந்த ஒரு மாசம் முருங்கைக்காய்க் குழம்பெல்லாம் அவதான் சாப்பிட்டாளா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லா சாப்பிட்டாளாமா?" என்றார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு அப்பாவைப் புதைத்த இடத்துக்குப் போனார். வேலிக்கு வெளியே நின்றார். எங்களோடு வந்த ரஷீத் உள்ளே போய் எந்த இடம் என்று கையைக் காட்டினான். வீட்டுக்கு வந்து பொட்டை அழித்தார். வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நீ அம்மாவுக்குச் செய்தது நல்லதாகக்கூட இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. என் அப்பா யாரோ ஒருவர் பெயரில் மண்ணுக்குள் கிடக்கிறார். உனக்குக் கிட்டத்தட்ட இரண்டு வருடமாகத் தெரிந்திருக்கிறது. எனக்கு ஆஸ்பத்திரியில் கட்டிய அட்டையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

அம்மா பேச வேண்டும் என்றால் போன் செய்வார். எனக்கு நீ எழுத வேண்டாம்.

ஞானசேகரன்

---

சன்னிவேல்
16.4.1989

அன்புள்ள அண்ணனுக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இதற்கு முன் எழுதிய இரண்டுக்கும் பதில் இல்லை. வீட்டில் வந்துசேர்ந்ததா என்றுகூட அம்மாவிடம் கேட்கவில்லை.

உங்களிடமும் சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை இருந்தது. "சேகரு என்னை விட்டு விலகிடுவான்" என்று பயந்தார். நான் சொல்லியிருந்தால் நீங்கள் விலகியிருப்பீர்களா? தினமும் அதைத்தான் நினைக்கிறேன்.

மாடியில் குடியிருக்கும் பாகிஸ்தான்காரம்மா நோன்பு தொடங்கிவிட்டது என்று பிள்ளைகளுக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தார். அன்றைக்குத் தற்செயலாக முருங்கைக்காய்க் குழம்பு வைத்திருந்தேன். மதியம் எனக்கு மட்டும் இறங்கவில்லை. மூடி வைத்துவிட்டேன்.

சத்தம் நிற்கும் என்று நினைத்திருந்தேன். நிற்கவில்லை. இப்போது பயமும் இல்லை. கையில் தொடங்கிக் காலில் முடிகிறது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்காது. பட்டறையில் அந்த நேரத்தில் அப்பா சட்டையைத் தூக்கி முகம் துடைப்பார். அங்கே துண்டு கிடையாது.

அதனால் இன்று ஒரு துண்டை மடித்துக் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன். பிள்ளைகள் எழுந்த பிறகு போய்ப் பார்த்தேன். ஒரு முனை ஈரமாக இருந்தது. தூங்கிய நேரம் முழுக்கப் பிள்ளைகள் இருவரும் என் மடியை விட்டு இறங்கவே இல்லை.

உங்களுக்கு நம்பிக்கை இல்லையென்றால் பரவாயில்லை. நாளைக்கு வேறு துண்டு வைப்பேன்.

உங்கள் தங்கை,
மலர்