மக்கா என்று கூப்பிட்டவன்

அன்புள்ள தம்பி,

நேற்று நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லை. அழுதுகொண்டே சொன்னால் உனக்குப் புரியாது என்றுதான் எழுதுகிறேன்.

சூடான் அமைதிப்படையிலிருந்து என் மகன் அஜினின் பெட்டியோடு நீ வந்தபோது, "அவனுக்குப் பிள்ளைங்க இருக்காங்களாம்மா?" என்று கேட்டாய். "கல்யாணம் கெட்டாத பயலுக்கு ஏது பிள்ளை?" என்று எரிந்து விழுந்தேன். குண்டடிபட்டு உன் மடியில் கிடந்தவன் பிள்ளைகளைத் தேடினான் என்று நீயும் இத்தனை நாள் நொந்திருக்கிறாய். அவன் சொன்ன வார்த்தையை நேற்றுத்தான் அப்படியே சொன்னாய்: "மக்கா, மக்கா."

அதை 'மக்கள்' என்று எடுத்துக்கொண்ட வேலூர்க்காரனுக்கு எப்படித் தெரியும்? எங்கள் பக்கம் கூட்டுக்காரனை, அதுதான் சிநேகிதனை, அப்படித்தான் கூப்பிடுவோம் தம்பி. அவன் யாரையும் தேடவில்லை. உன்னைத்தான் கூப்பிட்டான். அன்றைக்குத்தான் அவனோடு முதல்முறை வண்டியேறிய உன்னை.

தெரியாத மண்ணில் என் பிள்ளை தனியாகப் போய்விட்டான் என்றே நினைத்திருந்தேன். இல்லை, கூட்டுக்காரன் மடியில்தான் போயிருக்கிறான். ஜெபத்தில் கர்த்தருக்குச் சொல்லும் முன்பே உனக்கு நன்றி சொல்லிவிட்டேன். அவர் கோபிக்க மாட்டார்.

கிறிஸ்துமசுக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்குழம்பு வைப்பேன். லீவு கிடைக்குமா?

வருவியா, மக்கா?

இப்படிக்கு,
நெய்யூர் அம்மா