கீழ்ப்படிந்த பிசாசு

அன்புள்ள அக்கா,

அப்பா இறந்ததிலிருந்து நான் ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை என்று அம்மா என்னைச் சுகமளிக்கும் கூட்டத்துக்குக் கூட்டிப்போனாள். எனக்குள் பிசாசு புகுந்திருக்கிறது என்றார் பாஸ்டர்.

"ஞானஸ்நானம் எடுத்தவளுக்குள்ள பிசாசு இருக்குமா, பாஸ்டர்?" என்று கேட்டேன்.

"பாத்தீங்களா, அதுதான் பேசுது!" என்றார்.

என் தலையில் கை வைத்து, "உன் பேர் என்ன?" என்று அதட்டினார். பள்ளியில் சொல்வதுபோல இனிஷியலோடு சொன்னேன்.

"பொய்! வெளியே போ!"

பெரியவர் சொன்னால் கேட்க வேண்டுமே. எழுந்துபோய் வாசலில் செருப்பை மாட்டினேன். "கீழ்ப்படிஞ்சிடுச்சு!" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

"என் தங்கம் திரும்பி வந்துட்டா" என்று அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அவளுக்காகச் சிரித்தேன். எனக்கு இன்னும் அழுகை வரவில்லை, அக்கா. அம்மாவிடம் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
குணமாகிவிட்ட உன் தங்கை