முதல் கூடை தெருவுக்கு

இன்று காலை ஷவரில் தண்ணீர் சரியாக வரவில்லை. மூன்று நான்கு நூலாகப் பிரிந்து சுவரில் அடித்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் வாடகைக்கு இருக்கும் இந்த வீட்டில் போர்வெல் தண்ணீர்தான். துளைகளில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. வளையலில் மாட்டியிருந்த ஊக்கை எடுத்து ஒவ்வொரு துளையாகக் குத்தினேன். பாதியில் கை நின்றது.

இது உன் வேலை.

உன் வளையலில் எப்போதும் ஊக்குகள் தொங்கும். சேலைக்காக அல்ல. சொட்டுநீர்க் குழாயில் துளை அடைத்துக்கொண்டால் குத்துவதற்கு. வெண்ணந்தூரில் உன் அரை ஏக்கரில், கத்திரிச் செடிகளுக்கு நடுவே குந்தி, ஒவ்வொன்றின் காலடியிலும் விரல் வைத்து ஈரம் பார்த்துக்கொண்டே நகர்வாய். பின்னால் நானும். எதிர்வீட்டு சரோஜா அக்கா வரப்பில் நின்று சிரிப்பாள்.

"ரெண்டு எம்.ஏ.வும் சேந்து செடிக்குக் காது குத்துதுங்க பாரு."

"கெடா வெட்டி விருந்து போடறோம். மொய்யோட வந்துருங்கக்கா" என்பாய், தலையை நிமிர்த்தாமலே.

உன் தெருவில் தறிகள் நின்றுபோயிருந்த காலம். கூலி நின்றதும் தட்டிலிருந்து முதலில் காணாமல் போனது காய். ரேஷன் அரிசிச் சோறு இருந்தது. ரசம் இருந்தது. பிள்ளைகள் மூன்று வேளையும் அதையே தின்றன. உணவுப் பாதுகாப்பு பற்றி நாம் இருவரும் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அந்தத் தட்டு அதில் இல்லை.

உன் அப்பா விட்டுப்போன நிலம், தறிக் கொட்டாய்க்குப் பின்னால். போர்வெல்லில் சுண்டுவிரல் பருமனுக்குத்தான் தண்ணீர். வாய்க்காலில் விட்டால் பாதி வழியிலேயே மண் குடித்துவிடும். அதனால்தான் சொட்டுநீர். தெருப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கத்திரி, மிளகாய், கீரை. பந்தலில் அவரையும் பீர்க்கையும்.

உன் சட்டம் ஒன்றே ஒன்று. பறித்ததில் முதல் கூடை தெருவுக்கு. சொத்தைக் காயை இங்கே தள்ளிவிட்டு நல்லதைச் சந்தைக்கு ஏற்ற விடமாட்டாய். "சந்தைக்கு அப்புறமாப் போலாம் புள்ள. மொதல்ல தெரு திங்கோணும்." ஆனால் குழாய்க்கும் மோட்டாருக்கும் ஆகும் செலவு சந்தையிலிருந்துதான் வர வேண்டும் என்பதும் உனக்குத் தெரியும்.

மும்முனை மின்சாரம் முறை வைத்து வரும். மற்ற நேரத்தில் இருமுனைதான். அதில் மோட்டார் சுற்றாது. சுற்ற வைக்க எல்லோரும் செய்வதை நீயும் செய்தாய். ஸ்டார்ட்டரோடு ஒரு கண்டென்சரைச் சேர்த்துக்கொண்டாய். உங்கள் பக்கத்தில் அது இல்லாத மோட்டார் கொட்டாயைத் தேடிப் பிடிக்க வேண்டும். அடிக்கடி கைவைக்க வேண்டியிருப்பதால் பெட்டிக்கு மூடி கிடையாது. கொட்டாய்க்குத் தகரக் கதவு; ஒயர் பட்டால் அதிலும் கரண்ட் ஏறும். குழாய் இணைப்பில் எப்போதும் ஒரு கசிவு.

முதல் முறை நான் அந்தக் கதவைத் திறக்கப் போனபோது என் மணிக்கட்டைத் தட்டிவிட்டாய்.

"உள்ளங்கைய வெக்காத. புடிச்சுக்கும். பொறங்கையில தொடு, ஒதறி உட்டுரும்."

"உனக்குப் பயமா இல்லியா?"

"வாடுன செடியப் பாத்தாத்தான் பயமா இருக்குது."

அந்தச் சித்திரையில் மழை இல்லை. அன்று காலை முறை மின்சாரமும் வரவில்லை. புதிதாக நட்ட மிளகாய் நாற்று தலை தொங்கிக் கிடந்தது. நண்பகலில் இருமுனை வந்ததும் ஓடியிருக்கிறாய். வெறுங்கால். தரையில் கசிந்த தண்ணீர். சேலத்தில் இருந்த எனக்கு சரோஜா அக்கா போனில் சொன்னது இவ்வளவுதான்: "கதவப் புடிச்ச கை உடவேயில்ல சாமி."

உள்ளங்கை.

நான் வந்து சேர்ந்தபோது உன் வாசலில் கூடைகள் இருந்தன. மாலைச் சந்தைக்கென்று காலையில் நீ பறித்த கத்திரிக்காய். ஆட்டோக்காரர் வந்து பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனாராம். இழவு வீட்டில் அடுப்பு எரியாது. தெருதான் சமைத்துப் போட வேண்டும். உன்னை எடுத்த பிறகு சரோஜா அக்கா யாரையும் கேட்காமல் ஒரு கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். உன் அம்மா பார்த்தார். மற்ற கூடைகளும் ஒவ்வொரு வீடாகப் போயின.

சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் வந்தன. நான் தட்டைத் தொடவில்லை.

"சாப்புடு சாமி. அவ பறிச்சது. வாடறதுக்குள்ள திங்கோணும்."

சாப்பிட்டேன். குழம்பு நன்றாக இருந்தது. இதை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

காரியம் முடிந்து தோட்டத்தில் கூடினோம். மின்சாரம் பார்ப்பவர் கண்டென்சரைக் கழற்றிப் பெட்டிக்கு மூடி போட்டிருந்தார். இனி மும்முனை வரும் நேரம் மட்டும்தான் மோட்டார். அந்தத் தண்ணீர் பாதித் தோட்டத்துக்குத்தான் காணும். எந்தப் பாதி என்று முடிவெடுக்க வேண்டும். உன் அம்மாதான் சொன்னார்:

"பந்தலுக்கும் கீரைக்கும் உடுங்க. அது தெருவுக்கு. கத்திரியும் மொளகாயும் போனாப் போகுது."

"அப்பறம் பைப்பு போச்சுன்னா எங்க போறதுங்க?" என்றாள் சரோஜா அக்கா.

உன் அம்மா குனிந்து சந்தைப் பாதியின் வால்வைத் தானே திருகி மூடினார். எந்த நாற்றுக்காக ஓடினாயோ அதுதான் முதலில் காய்ந்தது.

போன மாதம் போயிருந்தேன். காய்ந்த பாதியில் கறுப்புக் குழாய்கள் வெயிலில் வெடித்துக் கிடக்கின்றன. முதல் கூடை இன்னும் நிறைகிறது. இரண்டாவது கூடை இல்லை. எதிர்வீட்டுத் தட்டில் கீரை இருந்தது. இந்தக் குழாயும் வெடிக்கும்வரை இருக்கும். அங்கே எல்லோருக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் ஒரு கட்டு கொடுத்தார்கள். வேண்டாமென்றேன். "தெருவுல நிக்கிறீல்ல, வாங்கு" என்றார் உன் அம்மா.

ஷவரில் இப்போது தண்ணீர் சீராக விழுகிறது. ஊக்கைத் துடைத்து வளையலில் மாட்டிக்கொண்டேன். ஹீட்டர் சுவிட்சைப் போட வேண்டும். கை ஈரமாக இருக்கிறது. துடைத்துக்கொள்கிறேன். விரல்கள் தாமாகவே மடங்கி உள்ளங்கையை மூடிக்கொள்கின்றன.

புறங்கைதான் முதலில் போகிறது.