கொடுத்துவிட்ட ஓட்ட இலக்கம்

மே 4, திங்கள்
கொலோனில் மழை. பல் வைத்தியரிடம் வேலை; இன்று மூன்று பல் பிடுங்கல், இரண்டு அழுகை.

இன்னும் பன்னிரண்டு நாள். வாங்க வேண்டியவை: விரலுக்குப் பிளாஸ்டர், உப்பு மாத்திரை, விசில் (கட்டாயமாம்). இத்தாலிக் கரையோர மலைப்பாதை, 28 கி.மீ. போன வருடம் 19-ஆம் கிலோமீட்டரில், நேரம் கடந்துவிட்டதென்று என்னை நிறுத்திவிட்டார்கள். குடாவுக்கு இறங்கும் சரிவில் கல் எல்லாம் உருளும். ஒரு பக்கம் முட்செடி, மற்றப் பக்கம் நேரே கீழே கடல். பயத்தில் குந்தியிருந்து நகர்ந்து நகர்ந்து இறங்கினேன். ஏழு நிமிடம் பிந்திவிட்டேன். கீழே நேரம் பார்க்க நின்றவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான். இந்த முறை அவனைத் தாண்டிப் போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம்.

மே 5, செவ்வாய்
இவரின் அக்கா, சுகந்தி மச்சாள், இவருக்கு போன். ஸ்பீக்கரில் கேட்டது.

"தம்பி, மண்டபம் கிடைச்சிட்டுது! ஆரோ கான்சல் பண்ணிட்டினம். பதினாறு, சனி. விடியவே வந்திடு."

மகள் ஆரணியின் சாமத்திய வீடு. பிள்ளை பெரியபிள்ளையானது போன கார்த்திகையில். இந்த நாட்டில் நல்ல நாளை ஐயர் பார்ப்பதில்லை, மண்டபக்காரன்தான் பார்க்கிறான்.

பதினாறு. ஓட்டமும் அன்றுதான்.

இவர் தாய்மாமன். நான் மாமி. பால் அறுகு வைத்துத் தண்ணீர் வார்ப்பது மாமியின் வேலை. மாமி இல்லாமல் சடங்கு எப்படி? இவரிடம் சொன்னேன். "ம்" என்றார்.

மே 7, வியாழன்
வேலை முடிய ரயிலேறி டிராகன்பெல்ஸ் மலை. நான்கு முறை ஏற்றம், நான்கு முறை இறக்கம். இறக்கம்தான் முக்கியம். ஒரு கிழவர் நாயோடு: "எதையாவது தொலைத்துவிட்டீர்களா?" இல்லை என்றேன். முழங்கால் சிராய்ப்பு, சேலைக்குள் மறையும். நான்காம் இறக்கத்தில் ஒரு தடவைகூடக் கையூன்றவில்லை! யாரிடம் சொல்ல?

போகலாமா, நிற்கலாமா. நித்திரை இல்லை.

மே 9, சனி
முடிவு. ஓட்ட இலக்கத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற இன்று கடைசி நாள். இலக்கத்தைக் காட்ரினுக்குக் கொடுத்துவிட்டேன். என்னோடு வேலை செய்பவள், போன வருடம் முழுத் தூரமும் ஓடியவள். "நிச்சயமா?" என்று மூன்று தரம் கேட்டாள். மருமகளின் சடங்கு, நான் இல்லாமல் நடக்காது என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

மயில்நீலச் சேலை எடுத்து வைத்தேன். பிளவுஸ் இறுக்கம், ஓடித் தோள் பருத்துவிட்டது.

மே 12, செவ்வாய்
மச்சாள் எனக்கே போன் எடுத்தா. முதலில் பலகாரக் கதை. சீனி அரியதரம் யார், பயித்தம் பணியாரம் யார். பிறகு:

"தண்ணி வாக்கிறது வதனி செய்யிறாள். நீர் ஒண்டுக்கும் யோசியாதையும்."

வதனி இவரின் ஒன்றுவிட்ட தம்பியின் மனைவி. இரண்டு பிள்ளைகள்.

"பிள்ளை பெத்த கையாலை வாத்தால் நல்லதெண்டு பெரியாக்கள் சொல்லினம். குறை நினைக்காதையும், என்ன? நீர் வாசல்லை நிண்டு பன்னீர் தெளிச்சால் காணும்."

"ஓம் மச்சாள்" என்றேன்.

எனக்கு நாற்பத்திரண்டு வயது. மூன்று தரம் சிகிச்சை, இரண்டு தரம் கலைந்தது. அவவுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்குச் சோறு கொண்டு வந்தவவே அவதான். அதுதான் எரிகிறது. யாருமே என்னை மாமி வேலைக்குக் கேட்கவில்லை. நானே எடுத்துக்கொண்டேன், நானே இலக்கத்தையும் கொடுத்தேன். மடச்சி.

உடுப்புத் துவைத்தேன். துவைத்ததையே திரும்பத் துவைத்தேன்.

மே 13, புதன்
இவர் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமோ?"

இன்னொரு கிழங்கு எடுத்தார்.

"நான் இலக்கத்தைக் குடுக்கேக்கை தெரியுமோ?"

"அக்கா சொல்ல வேண்டாமெண்டவ. ஒரு நாள்தானே, சமாளியுமன்."

கிழங்குக் கறி நல்ல ருசி. அதற்கும் கோபம் வந்தது.

மே 14, வியாழன்
காட்ரினிடம் எல்லாம் சொன்னேன். இலக்கத்தைத் திருப்பித் தரட்டோ என்றாள். இனிப் பெயர் மாற்ற முடியாது, கேட்கவும் வெட்கம். வேண்டாம். அவள் ஓடட்டும், சனிக்கிழமை அந்தச் சரிவின் அடியில் நின்று கத்துகிறேன். ஞாயிறு நான் தனியே ஓடுவேன், பாதை வெறுமையாக இருக்கும். கடற்கரைப் பாதை எல்லோருக்கும் பொது, இலக்கம் எதற்கு? கைக்கடிகாரக்காரனும் நிற்க மாட்டான்.

சேலையை மடித்து அலுமாரிக்குள் வைத்தேன். சப்பாத்து, விசில், இரண்டு சோடி காலுறை. இவரிடம் சொன்னேன். கதவடியில் நின்று பார்த்தார்.

மே 15, வெள்ளி
ரயில். காட்ரின் எதிரே, வாயைத் திறந்து நித்திரை. வெயில்.

பிரைபர்க் தாண்ட இவர் போன். மண்டபத்தில் வாழை கட்டுகிறார்களாம், பின்னால் சுத்தியல் சத்தம்.

"அக்கா உம்மைக் கேக்கிறா. காய்ச்சல் எண்டு சொல்லட்டோ?"

"வேண்டாம். போனை அவவிட்டைக் குடுங்கோ."

சுத்தியல் சத்தத்துக்குள் இவர் கூப்பிடுவது கேட்டது. பிறகு மச்சாள், "எங்கை நிக்கிறீர்?"

"ரயில்லை. ஆரணிக்கு என்ரை ஆசீர்வாதம் எப்பவும் இருக்கு மச்சாள். ஆனால் தண்ணி வாக்க ஆகாத கை பன்னீர் தெளிக்கவும் ஆகாது. நான் வரேல்லை."

அவ என்ன சொன்னா என்று காதில் விழவில்லை, சுரங்கம் வந்து லைன் போய்விட்டது. பாசெல் வரப் போகிறது, ரயில் மாறக் காட்ரினை எழுப்ப வேண்டும்.