ஓட்டுகிறவருக்குச் சோதனை இல்லை

பிப்ரவரி 26, திங்கள்

எங்கள் குவாட் வண்டிக்கு, அந்த நாலு சக்கரப் பண்ணை பைக்குக்கு, வருடச் சோதனை மார்ச் எட்டாம் தேதி. காலையிலிருந்து என் வீட்டுக்காரர் இத்வால் அதைக் கழுவிக்கொண்டிருக்கிறார். மழையில் நின்று வண்டி கழுவுகிற மனிதர். வாங்கியபோது சிவப்பு, இப்போது வேகவைத்த பன்றிக்கறி நிறம்.

பெரிய ரோடு எங்கள் நிலத்தை இரண்டாக வெட்டிக்கொண்டு போகிறது. அதனால்தான் ரோட்டில் ஓட்ட அனுமதி உள்ளதாக, பின்னால் ஒருவர் உட்கார இடமும் உள்ளதாகப் பார்த்து வாங்கினார். அன்றிலிருந்து ஒரு சோதனையிலும் அது தோற்றதில்லை. பக்கத்துப் பண்ணைகளின் புது வண்டிகளெல்லாம் தோற்றுத் திரும்பியிருக்கின்றன.

இந்த வருடம் அது தோற்க வேண்டும். எழுதிவிட்டேன். வேறு யாரிடம் சொல்வது?

பிப்ரவரி 29, வியாழன்

கீழ் வயல் ஆடுகளுக்குத் தீவனம் போடப் போனவர் மதியம்வரை வரவில்லை. வந்தபோது எதிர்த்திசையிலிருந்து வந்தார். கூடப் போன நாயைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பக்கத்துப் பண்ணை ஆல்வென் போன் செய்தாள்.

"நெஸ்டா, உங்க நாய் எங்க வாசல்ல நிக்குது. இத்வால் வந்து எங்க ஆடுகளுக்குத் தீவனம் போட்டுட்டுப் போனாரு. நான் ஒண்ணும் கேக்கல."

அவரிடம் கேட்டேன். "அவ ஆடுங்க மெலிஞ்சு கிடக்கு. பாவம்னு போட்டேன்" என்றார். பதில் எப்போதும் தயாராக இருக்கிறது. எங்கள் ஆடுகள் பட்டினி. சாயங்காலம் நானே மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மார்ச் 5, செவ்வாய்

மருந்து வாங்க டவுனுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஹெவினின் பட்டறைக்குப் போனேன். வருடா வருடம் வண்டியைச் சோதிக்கிறவன் அவன்தான். இந்தத் தடவை தோற்றதாக எழுதிக்கொடு என்று கேட்டேன். ஏன் என்றான். அவருக்கு வழி தப்புகிறது என்று சொன்னேன். ரொம்ப நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"பிரேக் புடிக்குதா, லைட் எரியுதா, ஸ்டியரிங் ஆடுதான்னு நான் பாக்கலாம். மேல உக்காந்திருக்கற ஆளப் பாக்கறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லீங்க."

"சின்னதா ஏதாவது ஒரு குறை எழுதக்கூடாதா?"

"எழுதினா மறுநாளே சரி பண்ணிட்டு வந்து நிப்பாரு. உங்க ஆள் எனக்குத் தெரியாதா?"

எனக்கும் தெரியும். வண்டிக்கு வருடந்தோறும் சோதனை. எழுபது தாண்டிய மனிதரோ, நான் நன்றாக இருக்கிறேன் என்று தானே எழுதிக்கொடுத்தால் லைசென்ஸ் வீடு தேடி வருகிறது. இத்வாலுக்குப் போன கோடையில் வந்தது.

மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 8, வெள்ளி

தேறிவிட்டது.

ஹெவின் என் முகத்தைப் பார்க்கவில்லை. இத்வால் சாப்பாட்டு மேசையில் பாலாடைக்கட்டியை வெட்டிக்கொண்டே, "பாத்தியா? நானும் அதுவும் ஒரே ரகம். பழசுதான், ஆனா கைவிடாது" என்றார். எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். நானும் சிரித்துவைத்தேன்.

கார்டிஃபிலிருந்து மகள் மானன் போனில் பேசினாள்.

"அம்மா, சாவிய எடுத்து ஒளிச்சு வை."

"ஒளிச்சு வெச்சா நடந்து போவாருடி. உங்கப்பா அந்த ரோட்டை நடந்து தாண்டறத நெனச்சுப் பாரு."

"அப்ப லைசென்ஸ் ஆபீசுக்கு எழுதிப் போடு."

"நான் எழுதணுமா? அவர் மேல?"

அவளும் எழுதமாட்டாள். பிறகு அங்கே வெயிலா மழையா என்று கேட்டுக்கொண்டோம்.

மார்ச் 9, சனி

ஹாரன்கூட நன்றாக அடிக்கிறதாம். காலையிலிருந்து அடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

மார்ச் 20, புதன்

ரத்த அழுத்தம் பார்க்க என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போனேன். சின்ன வயதுப் பெண். என்ன கிழமை, என்ன மாதம் என்று கேட்டாள். நினைவைச் சோதிக்கக் கடிகாரம் வரையச் சொன்னாள். எல்லாவற்றையும் அழகாகச் செய்தார். "உங்க சுவர்க் கடிகாரம்தான் பின்னாடி ஓடுது டாக்டர். அதையும் ஒரு தடவை பரிசோதிச்சிருங்க" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

"இப்போதைக்குக் கவலைப்பட ஒண்ணுமில்ல. இலையுதிர் காலத்துல இன்னொரு தடவை பாக்கலாம்."

வெளியே வந்ததும் யாருடைய நீலக் காரிடமோ போய்க் கதவை இழுத்துக்கொண்டு நின்றார். எங்கள் கார் வெள்ளை. டாக்டர் உள்ளே அடுத்த ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தது நான் மட்டும்தான். நான் பார்த்தால் ஆயிற்றா?

மார்ச் 31, ஞாயிறு

குட்டி போடும் பருவம். இரட்டைகள் நிறைய. அவர் கை இன்னும் எதையும் மறக்கவில்லை. மாட்டிக்கொண்ட குட்டியை உள்ளே திருப்பி எடுக்கிறபோது அவரைப் பார்த்தால் யாரும் எதையும் நம்பமாட்டார்கள். நானே நம்பமாட்டேன்.

ஏப்ரல் 11, வியாழன்

எழுதிவிட வேண்டும்.

கொட்டகையில் இருந்தேன். ரோட்டுப் பக்கம் ஹாரன் சத்தம், ஒன்றன் பின் ஒன்றாக. ரத்தமும் வைக்கோலுமாக அப்படியே ஓடினேன். ரோட்டுக்குக் குறுக்கே, நட்டநடுவில் குவாட். பால் லாரி ஒன்று நின்றிருந்தது, அதன் பின்னால் கார்கள். லாரிக்காரர் இறங்கி வந்து இத்வாலின் தோளில் கைவைத்து மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். இத்வால் இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்—

"நெஸ்டா, நம்ம வீடு எந்தப் பக்கம்?"

வீட்டுப் புகைபோக்கி அங்கிருந்தே தெரிகிறது.

என்ன பண்ணுவேன் நான்? யார்கிட்டப் போயி நிப்பேன்? எஞ்சின் ஒரு தடங்கலும் இல்லாம ஓடிக்கிட்டிருந்துச்சு. பாழாப்போன வண்டி, ஒரு நாள், ஒரே ஒரு நாள் நின்னு தொலைஞ்சிருக்கக் கூடாதா?

"நீங்க இத ஓட்டுவீங்களாம்மா?" என்றார் லாரிக்காரர். கார் ஓட்டுவேன். இதை ஒருநாளும் தொட்டதில்லை. இதில் நான் எப்போதும் பின்னால்தான்.

"பின்னாடி தள்ளி உக்காருங்க" என்றேன் இத்வாலிடம். மறுத்துச் சண்டை போடுவார் என்று நினைத்தேன். தள்ளி உட்கார்ந்தார். அது அதைவிட மோசமாக இருந்தது. எப்படியோ வீடு வந்தோம். வழியெல்லாம் என் கோட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 12, வெள்ளி

காலையில் சாவியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் தடுக்கவில்லை. ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். வண்டிப் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றார். எஞ்சின் சத்தம் கேட்கவில்லை. திரும்பி வந்து என் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் சாவியை வைத்தார்.

"இன்னைக்கு நீ ஓட்டு. எனக்குக் கை வலிக்குது."

எந்தக் கை என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 16, செவ்வாய்

இன்றும் கை வலி.

மே 2, வியாழன்

டாக்டருக்குப் போன் செய்து ரோட்டில் நடந்ததைச் சொன்னேன். மருத்துவமனைக்கு எழுதியிருக்கிறாளாம். வரிசை நீளமாம். கை வலிக்குத் தைலம் வேண்டுமா என்று இத்வாலிடம் கேட்டேன். வேண்டாம், தானாகச் சரியாகிவிடும் என்றார். அதைப் பற்றி நாங்கள் பேசியது அவ்வளவுதான்.

ஜூன் 3, திங்கள்

கம்பளி வெட்டுகிறவர்கள் நாளை வருகிறார்கள். கீழ் வயல் ஆடுகளைக் கொண்டுவர இருவருமாகப் போனோம். நான் முன்னால், அவர் பின்னால். ரோட்டு முனையில் நிறுத்தி இரண்டு பக்கமும் பார்த்தேன்.

"இடப்பக்கம் திரும்பு" என்றார் காதருகில்.

வயல் இருக்கிற வலப்பக்கம் திரும்பினேன். கொஞ்ச தூரம் போனதும் என் தோளை மெதுவாகத் தட்டினார்.

"அதான். சரியாப் போற."