அவர் கேட்ட அபராதம்

வில்லியனூர்,
9-3-1986, ஞாயிறு.

வடக்கே பிலாயில் இருக்கும் தாமஸ் அண்ணனுக்கு, பூசை முடிந்து வந்த கையோடு தங்கை அன்னாமேரி எழுதுவது.

நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொண்டேன். பெரியவள் செலினுக்கு இருமல் நின்றுவிட்டது. சின்னவன் இப்போது அழாமல் பள்ளிக்கூடம் போகிறான். கத்திரி நட்டிருக்கிறோம், செடி நன்றாகப் பிடித்திருக்கிறது.

மாதா திருவிழாவுக்கு வரும்போது என்னையும் பிள்ளைகளையும் ஒரேயடியாக அங்கே கூட்டிப்போவதாக எழுதியிருக்கிறீர்கள். கிறிஸ்துமஸுக்கு வந்து என் நெற்றியில் தையல் போட்டுக் கட்டியிருந்ததைப் பார்த்த அண்ணன் வேறு எப்படி எழுதுவார்? பொங்கல் வரை நானும் பெட்டியில் துணி அடுக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். அதற்குப் பிறகு ஒன்று நடந்தது. அதைச் சொல்லாமல் உங்களுக்குப் பதில் எழுத முடியவில்லை.

தையல் பிரிக்கப் போன இடத்தில் ஒரு நர்ஸம்மா சொன்னார், குடியை விட நினைக்கிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் கூடிப் பேசுகிறார்கள் என்று. செலின் அப்பாவைக் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனேன். எந்தத் தெரு என்று சரியாகக் கேட்டுக்கொள்ளாதது என் புத்திகெட்டதனம். ஒரு சைக்கிள் கடையில், குடிகாரர்கள் கூடுகிற இடம் எது என்று விசாரித்தேன். அந்த ஆள் சிரித்துக்கொண்டே எதிரில் இருந்த பிராந்திக் கடையைக் காட்டினான். நம் பாண்டிச்சேரியில் யாரைக் கேட்டாலும் அப்படித்தானே காட்டுவார்கள்? அன்றைக்குத் திரும்பிவிட்டோம். வழியில் மூலக்குளத்தில் அவர் பஸ்ஸை விட்டு இறங்கிக்கொண்டார். எப்படி வீடு வந்து சேர்ந்தார் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அடுத்த சனிக்கிழமை அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். என்ன நினைத்தாரோ, தெரியாது. இந்தத் தடவை வழியைச் சரியாகக் கேட்டு வைத்திருந்தேன்.

சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சுகளில் பெரிய பெரிய ஆம்பளைகள் முட்டி இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் இல்லை, டாக்டர் இல்லை. ஒவ்வொருவராக எழுந்து, பேரைச் சொல்லி, நான் குடிகாரன் என்று சொல்கிறார்கள் அண்ணா. நல்லவாடு கிராமத்துப் படகுக்காரர் ஒருவர், மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் வேட்டி அவிழ்ந்து விழுந்து கிடந்ததைச் சொன்னார். ஒருத்தரும் சிரிக்கவில்லை, ஒருத்தரும் சீ என்று சொல்லவில்லை. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர் குரல் கேட்டால் எட்டிப் போய்விட வேண்டும் என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? நான் பயந்துபோய் முந்தானையால் காதைப் பொத்திக்கொண்டேன்.

பிறகு செலின் அப்பா எழுந்தார். காதிலிருந்து கையை எடுத்துவிட்டேன். என்னைக் கட்டையால் அடித்ததை, செலின் குறுக்கே வந்து விழுந்ததை, அத்தனை பேர் முன்னாலும் சொன்னார். அதெல்லாம் போதையில் மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தேன். ஒன்றையும் மறக்கவில்லை அவர். சொல்லி முடித்ததும் பழக்க தோஷத்தில், முன்னால் இருந்த பெரியவரிடம் போய் முழங்காலில் நின்றுவிட்டார். என்ன அபராதம் கொடுக்கிறீர்கள் சாமி, என்று கேட்டார். பாவசங்கீர்த்தனம் முடிந்தால் செபமோ தவமோ சாமியாரிடம் அபராதமாகக் கேட்பதுதானே நம் வழக்கம்?

அந்தப் பெரியவர் வெல்லமண்டி வைத்திருக்கிறார். அங்கே கேட்ட பேரை வெளியே சொல்லக் கூடாதாம், அதனால் எழுதவில்லை. நெற்றி நிறையத் திருநீறு. பதறிப்போய் அவரும் இவருக்கு எதிரே தரையில் மண்டி போட்டுவிட்டார்.

“இன்னாங்க இது? மன்னிக்க நான் யாரு? நானும் குடிகாரன்தான்” என்றார்.

இவர் விடவில்லை, அபராதம் வேண்டும் என்றே நின்றார். மண்டிக்காரர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்பிடின்னா வர்ற வாரம் சுருக்க வந்து பெஞ்சு எடுத்துப் போடுங்க” என்றார்.

பூசையில் நற்கருணையைத் தூக்கிக் காட்டும்போது குனிவதுபோல என் தலை தானாகக் குனிந்தது. அது பள்ளிக்கூடம், அங்கே பீடம்கூட இல்லை. இப்படி ஒன்று உலகத்தில் நடக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

அதிலிருந்து எல்லாருக்கும் முன்னால் போய் அவர்தான் பெஞ்சு போடுகிறார். உங்களிடம் மறைக்க மாட்டேன், நடுவில் ஒருநாள் குடித்துவிட்டார். இனி எந்த முகத்தோடு போவது என்று சனிக்கிழமை சுருண்டு படுத்துக்கொண்டார். மண்டிக்காரரே பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். புத்தி சொல்லவில்லை, திட்டவில்லை. பெஞ்சு போட ஆளில்லை என்று மட்டும் சொல்லிக் கையோடு கூட்டிப்போனார். யாரோ எவரோ, நம் சாதியா சனமா? நினைத்தால் இன்னும் எனக்கு ஆச்சரியம் அடங்கவில்லை.

அண்ணா, அவர் திருந்திவிட்டார் என்று நான் எழுதவில்லை. அங்கே யாரும் அப்படிச் சொல்வதில்லை, இன்றைக்குக் குடிக்கவில்லை என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் வரும்போது அவர் மறுபடி கையோங்குகிறவராக இருந்தால், மறு பேச்சில்லாமல் பிள்ளைகளோடு உங்கள் பின்னால் வந்துவிடுகிறேன். இது மாதா மேல் சத்தியம். அதுவரை எங்களுக்கு டிக்கெட் எடுக்காதீர்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும், கோபப்படாதீர்கள். கிறிஸ்துமஸ் அன்று வாசலில் நின்று, “அந்த ஆள் எங்கே?” என்று கேட்டீர்கள். கேட்டது நியாயம்தான். அவர் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். வரும்போது அவர் குடிக்காமல் இருப்பதைக் கண்ணால் பார்த்தால், பழையபடி ஒரே ஒரு தடவை மாப்பிள்ளை என்று கூப்பிடுங்கள். அவர் இதைக் கேட்கச் சொல்லவில்லை. நான்தான் கேட்கிறேன்.

உங்கள் தங்கை,
அன்னாமேரி