மௌன சபையும் ஆறு கோப்பைத் தேநீரும்

4 மார்ச் 1984, ஞாயிறு

மூன்றாவது அத்தியாயம் இன்று பத்திரிகையில் வந்துவிட்டது. ஒளியாண்டான் எழுதும் ‘மௌன சபை’. ஒளியாண்டான் மீசை வைத்த ஆள் என்று ஆசிரியர் நினைத்திருக்கிறார். “அன்புள்ள ஐயா” என்றுதான் கடிதம் வருகிறது. மறுத்து எழுதக் கூச்சம். ஐயாவாகவே இருந்துவிட்டேன்.

கதையில் பன்னிரண்டு கிரகங்களையும் தாங்கள்தான் ஆள்வதாகப் பேரரசர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் ஆள்வது சாம்பல் சேலை கட்டிய மௌன சபைச் சகோதரிகள். தலைமைத் தாய் ஒரு சொல் சொன்னால் போர்க்கப்பல் அப்படியே நிற்கும்.

இதை எழுதியவள் நேற்று பஸ்ஸில் மணியடிக்கக் கூச்சப்பட்டு, மூன்று நிறுத்தம் தாண்டி இறங்கி வெயிலில் நடந்து வந்தாள்.

7 மார்ச்

தலைமைத் தாய் யார் என்று தெரிந்தால் தொலைந்தேன். மீனாட்சி பெரியம்மாதான், அம்மாவின் அக்கா. ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. எங்கள் சுங்கை பினாங்கு வட்டாரத்தில் அவர் கை படாத கல்யாணம் கிடையாது. பேச்சு முடிந்தது என்றால் கைப்பையை ‘டக்’ என்று மூடுவார். அதன்பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. அந்த ‘டக்’கை அப்படியே கதையில் போட்டுவிட்டேன்.

நல்லவேளை, பெரியம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

11 மார்ச், ஞாயிறு

நான்காவது அத்தியாயம். பேரரசரின் மகனைக் கட்டிக்கொள்ள விரும்பாத இளம் சகோதரி, வாய் திறந்து சொல்ல முடியாமல், விருந்தில் தேன் கலக்காத பானம் கொடுக்கிறாள். அதுதான் சபையின் ரகசியக் குறி. தலைமைத் தாய் ஒரு வாய் குடித்துவிட்டுப் பையை மூடுகிறாள். திருமணம் நின்றுவிடுகிறது. படித்தபோது புல்லரித்தது. என் எழுத்துக்கு நானே புல்லரிப்பது வழக்கம்.

14 மார்ச்

பெரியம்மா எனக்கு ஒரு வரனோடு வந்தார். மாப்பிள்ளைக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் செபராங் ஜெயாவில் ஆபீஸ் வேலையாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருகிறார்களாம்.

“கட்டிக்கிட்டா வேலைக்கு அனுப்ப மாட்டாங்களாம். பரவால்ல லா,” என்றார் அம்மா.

பரவாயில்லையா? அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கிப் படிக்கவைத்தது. இந்தக் குடும்பத்தில் முதல் பட்டம். பாயான் லெப்பாஸ் பேக்டரியில் ஆறு மாதமாக மைக்ரோஸ்கோப்பில் சிப்புகளைப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறேன். எனக்கு அந்த வேலை பிடிச்சிருக்கு. அதைச் சொல்லிருக்கணும். நான் என்ன சொன்னேன்? “ம்”னு சொன்னேன். ம்! பன்னிரண்டு கிரகத்தை அடக்குறவ!

17 மார்ச்

குளியலறைக் கண்ணாடி முன் தலைமைத் தாயின் குரலில் “முடியாது” என்று சொல்லிப் பார்த்தேன். வெளியே இருந்து அம்மா, “என்னடி, தொண்டை கட்டிருச்சா? கசாயம் வைக்கவா?” என்றார்.

கசாயம் குடித்தேன்.

18 மார்ச், ஞாயிறு

நான்கு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, ஓர் அத்தை, அவருடைய அப்பா பிச்சைமுத்து. அவர்கள் நால்வருக்கும் அப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும் நான் அடுப்படியில் தேநீர் கலந்துகொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க வந்தவர்போல் பெரியம்மா உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, சீனி டப்பாவைப் பார்த்தார்.

“சீனி போட்டுட்டியா?”

“இன்னும் இல்ல பெரியம்மா.”

“அவசரமில்ல. யோசிச்சுப் போடு.”

போய்விட்டார். பெரியம்மாவுக்கு என் கதை தெரிந்திருக்கிறது! அப்படியென்றால் அந்த ‘டக்’கும்! சற்றுப் பொறுத்துத்தான் மற்றது உறைத்தது. அவர் என்னைக் கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கல்யாணம் வேண்டுமா என்று இதுவரை என்னை யாருமே கேட்கவில்லை.

ஆறு கோப்பையிலும் சீனி போடவில்லை.

மாப்பிள்ளை முகத்தைச் சுளித்து விழுங்கினார். பெரியம்மா ஒரு வாய் குடித்துவிட்டுப் பையின்மேல் கை வைத்தார். அதற்குள் பிச்சைமுத்து கோப்பையைக் காலி செய்துவிட்டார்.

“அடடா! எனக்கு இனிப்புநீர் வியாதின்னு தெரிஞ்சே சீனி போடாம கொண்டாந்திருக்கு பாருங்க! இந்த மாதிரி பொண்ணுதாங்க வேணும். இப்பவே பேசி முடிச்சிருவோம்!”

என் சபையின் ஆயிரம் வருட ரகசியக் குறியில் இப்படி ஓர் ஓட்டை.

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா வெற்றிலைத் தட்டை எடுக்க எழுந்துவிட்டார். பெரியம்மா என்னையே பார்த்தார். பை திறந்தே இருந்தது.

“வேணும்னேதான் போடல,” என்றேன். சுண்டெலிக் குரல். “எனக்கு இது வேணாம். நான் வேலைக்குப் போகணும்.”

யாருக்கும் கேட்டிருக்காது என்று நினைத்தேன். எல்லாருக்கும் கேட்டிருந்தது.

டக்.

“பொண்ணு சொல்லிருச்சு,” என்றார் பெரியம்மா. “பிஸ்கட் எடுத்துக்குங்க. நேரமானா ஃபெரியில கூட்டம் வந்துரும்.”

19 மார்ச்

அப்பா பேசவில்லை.

23 மார்ச்

“நாளைக்கு எத்தன மணிக்கு ஷிப்டு?” என்று கேட்டார் அப்பா. அவ்வளவுதான். அடுப்படிக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன்.

25 மார்ச், ஞாயிறு

பெரியம்மாவிடம் கேட்டே விட்டேன். ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் ருக்கையா அக்கா தேநீர் வேளையில் கதையை வாசிப்பாராம். “பதினோரு பேர் உக்காந்து கேக்குறோம்டி.”

“ஒளியாண்டான் நான்தான்னு எப்படித் தெரியும்?”

“இத்தன வருசமா எங்கிட்டப் பேசாம என் பையையே பாத்துக்கிட்டிருந்தவ நீ ஒருத்திதானே? ஆனா பழுப்புப் பைன்னு எழுதிருக்கே. கருப்புடி. மாத்து.”

அடுத்த அத்தியாயத்தில் மாற்றுகிறேன்.

22 ஏப்ரல், ஞாயிறு

பெரியம்மா இன்று என்னையும் ஒரு பெண் பார்க்கும் வீட்டுக்குக் கூட்டிப்போனார். “மூலையில உக்காரு. நீதான் நல்லாப் பாப்பியே.” மார்க்கெட் ஸ்திரீட்டில் வாங்கிய புதுக் கைப்பையோடு போனேன்.

பெண் ஜெயலெட்சுமி, வயது பத்தொன்பது. குனிந்த தலை நிமிராமல் கோப்பைகளை நீட்டினாள். ஒரு வாய் குடித்தேன். சீனி இல்லை.

பெரியம்மா தன் பையைத் தொடவில்லை. என்னைப் பார்த்தார்.

பையைத் திறந்து, கைக்குட்டையை எடுத்து, வாயைத் துடைத்துவிட்டு மூடினேன். சத்தமே வரவில்லை. மலிவான பை.

இன்னொரு தடவை மூடினேன்.